வானவில் ஒரு நாள் அரைவட்டமாகவும் மறுநாள் தாழ்ந்த துண்டாகவும் தெரிவது ஏன்?

வடசென்னைக் காசிமேட்டில் வசிக்கும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் எழுதியதன் சுருக்கம்: செப்டம்பர் மாத மாலை ஒன்றில் மழை விட்டதும் கடலுக்கு மேலே ஏறக்குறைய அரைவட்டமாக ஒரு வானவில்லும், அதற்கு வெளியே மங்கலாக இன்னொன்றும் தெரிந்தன. நவம்பரில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அதே கரையில் நின்று பார்த்தபோது தொடுவானத்தை ஒட்டித் தாழ்வான ஒரு துண்டு மட்டுமே தெரிந்தது. விமானத்தில் வந்த மகள், மேகத்தின் மீது முழு வட்டமாகவே ஒரு வானவில்லைப் பார்த்ததாகச் சொல்கிறாள். வேறொரு நண்பகலில் சூரியனைச் சுற்றியே வண்ண வளையம் ஒன்று தெரிந்தது. இவை எல்லாம் வானவில்தானா, அப்படியானால் வடிவம் ஏன் இப்படி மாறுகிறது?

முதல் இரண்டும் வானவில்தான். வடிவம் மாறியதற்குக் காரணம் சூரியனின் உயரம். மூன்றாவது பெரும்பாலும் வானவில்லாக இருக்க வாய்ப்பில்லை. நான்காவது நிச்சயமாக வானவில் அல்ல. ஏன் என்பதை விளக்க, ஒரே ஒரு மழைத்துளிக்குள் ஒளி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வடிவம் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

சூரிய ஒளி துளியின் முன்பக்கத்தில் நுழையும்போது சற்றே வளைகிறது. துளியின் பின்சுவரில் பட்டு அதில் ஒரு பகுதி திரும்புகிறது. மீண்டும் முன்பக்கம் வழியாக வெளியேறும்போது இன்னொரு முறை வளைகிறது. இதுவரை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. ஆனால் துளிக்குள் நுழையும் கதிர்கள் எல்லாம் ஒரே திசையில் வெளியேறுவதில்லை என்பதைப் பாடம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. வானவில் பிறப்பது அந்த இடத்தில்தான். துளியின் நடு மையத்தில் படும் கதிர், போன வழியே சூரியனை நோக்கித் திரும்பி வருகிறது. மையத்திலிருந்து ஆரத்தில் பாதித் தூரம் தள்ளிப் படும் கதிர், வந்த வழியிலிருந்து 28 டிகிரி விலகித் திரும்புகிறது. ஆரத்தில் 0.8 பங்கு தள்ளிப் பட்டால் 41 டிகிரி. 0.86 பங்கில் அது 42 டிகிரியை எட்டுகிறது. அதற்கு மேல் எவ்வளவுதான் ஓரமாகப் பட்டாலும் கோணம் கூடுவதில்லை. மாறாகக் குறையத் தொடங்கிவிடுகிறது. 0.9 பங்கில் மறுபடி 41.5 டிகிரி, துளியின் விளிம்பையே உரசி நுழையும் கதிருக்கு வெறும் 14 டிகிரி.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆரத்தின் 0.8 பங்கிலிருந்து 0.9 பங்கு வரையுள்ள வளையத்தில் விழும் ஒளி, துளியின் மீது விழும் மொத்த ஒளியில் ஏறத்தாழ 17 விழுக்காடு; அதில் எதிரொளித்துத் திரும்புவது அனைத்தும் ஒரே ஒரு டிகிரிக்கும் குறைவான இடைவெளிக்குள் நெருங்கி வெளியேறுகிறது. கோணம் ஏறி உச்சம் தொட்டு இறங்குவதால்தான் அந்த உச்சத்தில் ஒளி குவிகிறது. மற்றக் கோணங்களிலும் ஒளி வருகிறது, ஆனால் பரவலாக, கண்ணை ஈர்க்கும் அளவு இல்லாமல் வருகிறது. 42 டிகிரிக்கு வெளியேயோ ஒரு முறை எதிரொளித்த ஒளி அறவே வருவதில்லை. இதனால்தான் வில்லின் உட்புற வானம் வெளிச்சமாகவும் வெளிப்புற வானம் இருண்டும் தெரிகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது நிறங்களை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு வானவில்லிலும் அது தெரியும்.

தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு இந்தப் பாதையை முதலில் தொடர்ந்தவர்கள் இருவர்: பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமால் அல்-தீன் அல்-ஃபாரிசி, ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் நகரத்துத் தியோடோரிக் என்னும் துறவி. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. கதிர் கதிராகக் கணக்கிட்டு, 42 டிகிரியில் ஒளி குவிவதை எண்களாகக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட்; ஆண்டு 1637. ஆனால் நிறங்கள் ஏன் வருகின்றன என்பதற்கு அவரிடம் சரியான விடை இல்லை. வெள்ளொளியில் எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன என்றும், நீரிலும் கண்ணாடியிலும் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளைகிறது என்றும் நியூட்டன் முப்பட்டகத்தைக் கொண்டு காட்டிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது. ஒளி எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், நீரில் சிவப்புக்கு 1.331, ஊதாவுக்கு 1.343. வேறுபாடு மிகச் சிறிதுதான். அதனால் சிவப்பின் உச்சக் கோணம் 42.4 டிகிரியிலும் ஊதாவின் உச்சக் கோணம் 40.6 டிகிரியிலும் அமைகின்றன. வில்லின் வெளி விளிம்பில் சிவப்பும் உள் விளிம்பில் ஊதாவும் இருப்பதற்கும், வில்லின் பட்டை ஏறத்தாழ இரண்டே டிகிரி அகலமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஒரு திருத்தத்தைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. துளியின் பின்சுவரில் நடப்பது முழு அக எதிரொளிப்பு, அதாவது ஒளி சிறிதும் வெளியேறாமல் முழுதும் உள்ளேயே திரும்புவது, என்று பல வகுப்புகளிலும் வழிகாட்டி நூல்களிலும் இன்றும் சொல்லித் தருகிறார்கள். அப்படி நடக்க முடியாது. நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் (அதைத் தாண்டிப் பட்டால்தான் ஒளி முழுதும் திரும்பும்) 48.6 டிகிரி, வெளியிலிருந்து உருண்டையான துளிக்குள் நுழைந்த எந்தக் கதிரும் அந்தக் கோணத்தைத் தாண்டிப் பின்சுவரில் படுவதில்லை. வானவில்லை உண்டாக்கும் கதிர் அங்கே 40 டிகிரியில்தான் படுகிறது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கு மட்டுமே எதிரொளிக்கிறது. மீதி அனைத்தும் பின்பக்கமாக வெளியேறிப் போய்விடுகிறது. அந்த ஆறு பங்கே நம் வானத்தை நிறைக்கப் போதுமானதாக இருக்கிறது என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

இனி வடிவத்துக்கு வருவோம். சூரியனிலிருந்து உங்கள் தலையின் பின்புறமாக வந்து கண் வழியே முன்னால் நீளும் ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் உங்கள் தலையின் நிழல் விழுந்திருக்கும். அந்தக் கோட்டுக்கு 42 டிகிரி சாய்வில், எந்தப் பக்கத்தில் மழைத்துளி இருந்தாலும் அது உங்கள் கண்ணுக்கு ஒளியை அனுப்பும். மேலே இருந்தாலும், வலத்தில் இருந்தாலும், இடத்தில் இருந்தாலும், கீழே இருந்தாலும் அப்படியே. துளி உருண்டையாக இருப்பதால் எந்தப் பக்கத்துக்கும் தனிச் சலுகை இல்லை. ஒரு கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே கோணத்தில் விலகியிருக்கும் திசைகள் சேர்ந்தால் அது வட்டம். அதனால் எல்லா வானவில்லும் முழு வட்டமே. அதன் மையம் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, உங்கள் நிழலின் தலையில் இருக்கிறது. நாம் காணும் வடிவ வேறுபாடுகளில் பெரும்பாலானவை, அந்த வட்டத்தில் எவ்வளவு பகுதியைத் தரையோ கடலோ மறைக்கிறது, எந்தப் பகுதியில் மழை இருக்கிறது, எந்தப் பகுதியில் வெயில் படுகிறது என்பதைப் பொறுத்தவையே.

இதிலிருந்து வேறொன்றும் தெளிவாகிறது. வானவில் இருப்பது ஒரு திசையில். இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிந்த ஓரிடத்தில் அல்ல. எண்ணூர்ப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு இப்பால் மழை பெய்தால், வில்லின் கால் புகைபோக்கிக்கு முன்னால் விழுந்தது போலத் தெரியும். அப்பால் பெய்தால் புகைபோக்கி வில்லை மறைக்கும். பேசின் பிரிட்ஜிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு, தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க, வில் மட்டும் கூடவே வருவதும் இதனால்தான்: அவர் நகர நகர, வேறு வேறு துளிகள் அவருக்கு ஒளியை அனுப்புகின்றன. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்ப்பது, கண்டிப்பாகச் சொன்னால், இன்னொரு வில்.

சூரியன் சரியாகத் தொடுவானத்தில் இருக்கும்போது வட்டத்தின் மையமும் எதிர்ப்புறத் தொடுவானத்தில் இருக்கும். அப்போது பாதி வட்டம் மேலே தெரியும். பாதி கீழே போய்விடும். சூரியன் மேலே ஏற ஏற, மையம் அதே அளவு கீழே இறங்கும். வில்லின் உச்சியும் தாழும். 42 டிகிரியிலிருந்து சூரியனின் உயரத்தைக் கழித்தால் வில்லின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது கிடைத்துவிடும். உங்கள் செப்டம்பர் மாலையில் சூரியன் மறையும் நேரம் நெருங்கியிருந்தது. அதன் உயரம் மூன்று நான்கு டிகிரி இருந்திருக்கலாம். ஆகவே வில்லின் உச்சி 38 டிகிரிக்கு எழும்பி அரைவட்டத்துக்குச் சற்றே குறைவாகத் தெரிந்தது. நவம்பர் கடைசியில் பிற்பகல் மூன்று மணிக்குச் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 33 டிகிரி உயரத்தில் இருக்கும். வில்லுக்கு மிஞ்சுவது 9 டிகிரி உயரம் மட்டுமே, ஆனால் அகலம் 50 டிகிரிக்கு மேல். தொடுவானத்தை ஒட்டிப் படுத்திருப்பது போன்ற அந்தத் துண்டு அப்படி வந்ததுதான். கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்துப் பிடித்தால் ஒரு சாண் ஏறத்தாழ 20 டிகிரி, இறுக்கி மூடிய கை 10 டிகிரி. இந்த அளவுகளை வைத்துக்கொண்டு யாரும் கரையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் டிசம்பர் 21 வாக்கில்கூட உச்சிவேளையில் அது 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே சமதரையில் நிற்பவருக்கு ஆண்டின் எந்த நாளிலும் உச்சிப் பொழுதில் வானத்தில் மழைவில் தெரிய வழியில்லை. ஜூனில் காலை 9 மணிக்கு முன்பும் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின்பும், நவம்பர் கடைசியில் காலை 9.40-க்கு முன்பும் பிற்பகல் 2.15-க்குப் பின்பும் மட்டுமே அதற்கு இடம் உண்டு. 'வெயிலும் மழையும் சேர்ந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்' என்று பிள்ளைகள் கூவும் பொழுது, அந்த நேரத்துக்குள் வந்தால்தான் வில் எழும்பும்.

வட சென்னையின் அமைப்பு இதில் நமக்குப் பெரிய உதவி. கிழக்கே எதுவும் மறைக்காத கடல், மேற்கே நகரம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, பிற்பகல் இடிமழை மேற்கே உள்நாட்டில் திரண்டு, நகரத்தைக் கடந்து கடலை நோக்கி நகர்கிறது. மழை கடலுக்குள் போய்விட்டது, மேற்கே மேகம் விலகிச் சாயுங்கால வெயில் விழுகிறது என்னும் நிலை மாலையில் அமைந்தால், இராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தக் கரையில் நின்றாலும் கிழக்கே கடல்மேல் வில் முழு அகலத்துக்கு நிற்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். மழைமேகங்கள் கடலிலிருந்து கரையேறுகின்றன. விடியற்காலையில் பெய்துவிட்டு மேற்கே போகின்றன. கடலின்மேல் சூரியன் எழும்போது வில் வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் தெரிகிறது. அக்டோபர், நவம்பர் காலைகளில் கடற்கரைக்குப் போய்க் கடலையே பார்த்துக்கொண்டு நின்றால் வில்லைத் தவறவிடுவோம். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மாதத்துக்கு மாதம் திசையும் மாறும். ஜூன் மாலையில் சூரியன் மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி மறைவதால், வில்லின் மையம் கிழக்கிலிருந்து தெற்கே நகர்ந்து துறைமுகப் பக்கம் சாய்கிறது. டிசம்பரில் அதே அளவு வடக்கே நகர்ந்து எண்ணூர்ப் பக்கம் சாய்கிறது.

உச்சிப் பொழுதில் மழைவில் இல்லை என்றாலும், மொட்டைமாடியில் நின்று தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்திச் சாரலாகத் தெளித்தால் வில் தெரியும். அங்கே துளிகள் உங்கள் கால்மட்டத்திலேயே இருக்கின்றன. கீழே நோக்கும் கண்ணை மறைக்கத் தொடுவானம் குறுக்கே வருவதில்லை. நிழலின் தலையைச் சுற்றி, சாரல் எட்டும் இடமெல்லாம், முழு வட்டத்தின் பெரும்பகுதியைக் காணலாம். பிள்ளைகளுக்கு வானவில்லைச் சொல்லித் தர இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், வில்லின் மையம் நிழலில் இருக்கிறது, நகர்ந்தால் வில்லும் நகர்கிறது என்ற மூன்றையும் அவர்கள் தாமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

புல்வெளியில் காலைப் பனித்துளிகள் மீது தெரியும் வில்லின் வடிவம் இன்னும் வியப்பானது. அங்கே துளிகள் எல்லாம் கிடைமட்டமான ஒரே தளத்தில் இருக்கின்றன. 42 டிகிரிக் கூம்பை ஒரு தளம் வெட்டினால் என்ன வளைவு கிடைக்கும் என்பது மேல்நிலை வகுப்புக் கணிதத்தில் கூம்பு வெட்டிகள் என்ற தலைப்பில் வருவதே: சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதிபரவளையம், சரியாக 42-இல் பரவளையம், அதற்கு மேலே நீள்வட்டம். காலை நேரத்தில் புல்லின்மீது தெரிவது பெரும்பாலும் அதிபரவளையம். இரு கைகளும் விரிந்து உங்களை விட்டு விலகிச் செல்வது போலத் தரையில் கிடக்கும்.

அன்று வெளியே மங்கலாகத் தெரிந்த இரண்டாவது வில், துளிக்குள் இரு முறை எதிரொளித்து வந்த ஒளி. அதன் ஆரம் 51 டிகிரி அளவு. நிறங்களின் வரிசை தலைகீழாக, சிவப்பு உட்புறத்தில் இருக்கும். ஒவ்வோர் எதிரொளிப்பிலும் ஒளி பெரும்பகுதி வெளியேறிவிடுவதாலும், எஞ்சியது அகன்ற பட்டையில் பரவுவதாலும் மங்கல். இரு விற்களுக்கும் இடையே உள்ள வானம் மற்ற இடங்களைவிட இருண்டிருக்கும். ஒரு முறை எதிரொளித்த ஒளியும் இரு முறை எதிரொளித்த ஒளியும் அங்கே வருவதில்லை. மூன்று முறை எதிரொளித்து வரும் வில்லும் உண்டு, ஆனால் அது சூரியன் இருக்கும் பக்கத்திலேயே, சூரியனைச் சுற்றி 40 டிகிரி அளவில், கண்கூசும் வெளிச்சத்துக்குள் அமைவதால் 2011 வரை அதை யாரும் ஒளிப்படத்தில் பிடித்ததில்லை.

இதுவரை துளிகள் உருண்டை என்றே பேசினோம். சிறு துளிகள் அப்படித்தான். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள துளி, விழும்போது காற்றின் அழுத்தத்தால் அடி தட்டையாகி, கவிழ்த்து வைத்த இட்லி போல ஆகிவிடுகிறது. படங்களில் வரைவது போன்ற கண்ணீர்த்துளி வடிவம் மழைக்கு இல்லை. இதன் விளைவு வில்லின் தோற்றத்தில் தெரியும். வில்லின் இரு கால்களிலிருந்து நமக்கு வரும் ஒளி, துளியின் கிடைமட்டக் குறுக்குவெட்டில் பயணிக்கிறது. அந்த வெட்டு தட்டையான துளியிலும் வட்டமே. உச்சியிலிருந்து வரும் ஒளியோ செங்குத்து வெட்டில் பயணிக்கிறது, அது நசுங்கியிருக்கிறது. எனவே கால்களுக்குப் பெரிய துளி, சிறிய துளி எல்லாமே ஒளி தருகின்றன; உச்சிக்குச் சிறிய துளிகள் மட்டுமே தருகின்றன. கனமழைக்குப் பின் மாலையில் வில்லின் கால்கள் பளிச்சென்றும் உச்சி வெளிறியும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிக அரிதாக, ஒரே அடியிலிருந்து கிளம்பிய வில் மேலே போகப் போக இரண்டாகப் பிரிவதும் உண்டு. வெவ்வேறு அளவுத் துளிகள் கலந்த மழையில், நசுங்கிய துளிகள் ஒரு வில்லையும் நசுங்காத துளிகள் இன்னொன்றையும் தருவதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

துளி மிகச் சிறிதாகும்போது ஒளியின் அலைத்தன்மை வெளிப்படத் தொடங்குகிறது. முதன்மை வில்லின் ஊதா விளிம்புக்கு உள்ளே, இளம்பச்சையும் இளஞ்சிவப்புமாக மெல்லிய பட்டைகள் ஒன்றிரண்டு சில சமயம் தெரியும். கதிர்களை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை விளக்க முடியாது. ஒரே கோணத்தில் வெளியேறும் இரு கதிர்கள், அதாவது 0.86 பங்குக்கு உட்புறம் நுழைந்த ஒன்றும் வெளிப்புறம் நுழைந்த ஒன்றும், சேர்ந்து வலுப்பதாலும் ஒன்றையொன்று அழிப்பதாலும் இவை உண்டாகின்றன என்று 1804-இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் காட்டினார். ஒளி அலையே என்பதற்கு வானமே தந்த சான்று அது. 1838-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி இதை முழுமையான கணக்காக்கினார். துளியின் விட்டம் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் ஒவ்வொரு நிறத்தின் பட்டையும் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வில் வெண்மையாகிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனி இறங்கிய காலையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் பனியைத் துளைக்கத் தொடங்கும் நேரத்தில், எதிரே நிறமற்ற அகன்ற வளைவு ஒன்று தெரிந்தால் அதுவே பனிவில். மழைவில்லைவிடச் சற்றே சிறியதாகவும் பல மடங்கு அகன்ற பட்டையாகவும் இருக்கும்.

சூரியன் மறையும் கடைசி நிமிடங்களில், நீலமும் பச்சையும் காற்றில் சிதறிப்போய்ச் செவ்வொளி மட்டுமே வந்து சேர்வதால், வில் முழுவதும் சிவப்பாகவே நிற்பதும் உண்டு. முழுநிலவு நாள்களையொட்டி நிலவொளியில் தோன்றும் வில், வெளிச்சம் போதாமையால் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. கேமராவில் நீண்ட நேரம் பதிந்தால் நிறங்கள் வெளிப்படும்.

கடலோரத்தில் வாழ்பவர்கள் மட்டுமே எளிதில் காணக்கூடிய இரண்டு வகைகளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையோரம் கொட்டப்பட்டுள்ள பாறைகளில் அலை மோதிச் சாரலாக எழும்போது, மாலை வெயிலில் அதிலும் வில் தெரியும். உப்பு கரைந்த நீரின் ஒளிவிலகல் எண் நன்னீரைவிடச் சற்றே அதிகம். அதனால் கடல்நீர்ச் சாரலில் தெரியும் வில்லின் ஆரம் மழைவில்லைவிட ஏறத்தாழ 0.8 டிகிரி குறைவு. மேலே மழையும் கீழே அலைச்சாரலும் ஒரே நேரத்தில் அமைந்தால், வானத்திலிருந்து இறங்கி வரும் வில் சாரலில் நுழையும் இடத்தில் ஒடிந்து உட்பக்கம் தள்ளித் தொடரும். உப்பின் அளவை வானத்திலேயே படிப்பதற்கு ஒப்பான காட்சி அது.

இன்னொன்று, அமைதியான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி உண்டாக்கும் வில். நீரில் தெரியும் சூரியனின் பிம்பம், தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் இரண்டாவது சூரியனாகச் செயல்படுகிறது. அதற்குரிய வட்டத்தின் மையம் தொடுவானத்துக்கு மேலே அமைவதால், வட்டத்தில் பாதிக்கும் அதிகமான பகுதி வானத்தில் எழும்புகிறது. இதன் கால்கள் தொடுவானத்தில் வழக்கமான வில்லின் கால்களோடு சேர்ந்திருக்கும். மேலே போகப் போக இது தனியே பிரிந்து, முதலில் வெளிப்பக்கம் விரிந்தும் பிறகு செங்குத்தாகவும் எழும். அலைகள் புரளும் திறந்த கடல் இதற்கு உதவாது. பழவேற்காடு ஏரியையோ எண்ணூர்க் கழிமுகத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, காற்று அடங்கிய மாலையில் கிழக்கே பெய்யும் மழையைப் பார்ப்பவருக்கு இந்த வாய்ப்பு உண்டு.

உங்கள் மகள் பார்த்த வட்டத்துக்கு வருகிறேன். விமானத்திலிருந்து முழு வானவில்லைக் காண முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கீழே மழை பெய்துகொண்டிருக்க வேண்டும். வட்டமோ 84 டிகிரி விட்டமுடையது, விமானத்தின் சிறிய சன்னலுக்குள் முழுதாக அடங்காது. மேகத்தின் மீது விமானத்தின் நிழலைச் சுற்றி, சன்னலுக்குள் அடங்கும் அளவில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வண்ண வளையங்கள் தெரிந்திருந்தால் அது வேறொன்று: மேகத்தின் நுண்துளிகள் ஒளியை ஏறத்தாழ வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும்போது அலைகளின் குறுக்கீட்டால் உண்டாகும் ஒளிவளையம். அதன் ஆரம் சில டிகிரிகள் மட்டுமே. நிழல் நடுவில் இருந்ததா, வளையம் உள்ளங்கையால் மறைக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்ததா என்று மகளைக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

சூரியனைச் சுற்றி நண்பகலில் தெரிந்த வளையத்துக்கும் மழைக்கும் தொடர்பில்லை. வழக்கமாக நாம் காணும் வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறத்தில்தான் தெரியும் என்ற ஒரே விதியை வைத்தே அதை விலக்கிவிடலாம். மிக உயரத்தில் மெல்லிய திரைபோல் பரவும் மேகங்களில் அறுகோண வடிவப் பனிப்படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் ஊடாக ஒளி வளைந்து வருவதால் 22 டிகிரி ஆரத்தில், அதாவது சூரியனிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்த வளையம் உண்டாகிறது. அதில் சிவப்பு உட்புறத்தில் இருக்கும். நிலவைச் சுற்றியும் இதே வளையம் வரும். 'அகல் வட்டம் பகல் மழை' என்று நம் முன்னோர் சொன்னது அதைத்தான். சூரியன் 58 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, அதே வகைப் படிகங்கள் சூரியனுக்கு வெகு கீழே, தொடுவானத்துக்கு இணையாக, வளைவே இல்லாதது போன்ற அழுத்தமான வண்ணப் பட்டையை உண்டாக்குவதும் உண்டு. சென்னையில் ஜனவரி கடைசி முதல் நவம்பர் நடு வரை உச்சிவேளைச் சூரியன் அந்த உயரத்தைத் தாண்டுகிறது. 55 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே வெகுதூரம் போனால் அது என்றுமே நடப்பதில்லை. வளைந்த வில்லாக இல்லாமல் படுக்கையாக ஒரு வானவில் என்று பகிரப்படும் படங்களில் பல இந்தப் பட்டையே. இவற்றைத் தேடும்போது சூரியனைக் கட்டடத்தின் விளிம்பாலோ கம்பத்தாலோ மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கையால் மறைத்து எட்டிப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வடிவம் குறித்த குழப்பத்தில் கணிசமான பங்கு அவற்றால் வருகிறது. அரைவட்ட வில் பக்கவாட்டில் 84 டிகிரிக்கு விரிகிறது. கைப்பேசியின் வழக்கமான கேமரா அவ்வளவு அகலத்தை எடுப்பதில்லை, எனவே ஒரு காலோ உச்சியோ வெட்டுப்பட்டு விடுகிறது. கைப்பேசியை நகர்த்திக்கொண்டே எடுக்கும் நீள்படத்தில் முழு வில்லும் அடங்கும், ஆனால் வளைவு தட்டையாகி முட்டை வடிவத்துக்கு மாறிவிடும். அகலக் கோண லென்ஸில் எடுத்தால் வில் முழுவதும் கிடைக்கும். ஓரங்களில் இருக்கும் கால்கள் மட்டும் இழுபட்டுத் தடித்துத் தெரியும். வில்லின் மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, கேமராவை அந்தப் பக்கம் நேராகத் திருப்பி எடுத்தால் வட்டம் வட்டமாகவே பதியும். குளிர்கண்ணாடியில் தளவிளைவு வடிகட்டி (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வானவில்லின் ஒளியில் பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிர்வதால், கண்ணாடியைச் சுழற்றும்போது வில்லின் ஒரு பகுதி மறைந்து இன்னொரு பகுதி மட்டும் தெரியும், அதுவும் வில் துண்டாகிவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும்.